நான் அடைத்த பள்ளம்

இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பறக்கும் ரயில் அப்போது மயிலாப்பூர் வரை வந்திருக்கவில்லை; கால்வாயை ஒட்டித் தூண்கள் மட்டும் எழும்பிக்கொண்டிருந்தன. நான் தமிழ் முதுகலை முதலாண்டு மாணவி. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில், கார் நிறுத்துவதற்கென்று கட்டி, கார் வாங்காமலே விட்டுவிட்ட ஒரு ஷெட்டில், பல் செட் செய்யும் லேப் ஒன்று நடந்துவந்தது.

பல் மருத்துவரே பல் செட்டையும் செய்துவிடுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. மருத்துவர் நோயாளியின் வாயில் அளவெடுத்து, அந்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, தாடையின் உருவத்தை வெள்ளையாக வார்த்து அனுப்புவார். அதை வைத்துக்கொண்டு, நோயாளியின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் பற்களைச் செய்து தருபவர்கள் லேப்காரர்கள். எங்கள் பக்கத்து வீட்டு லேபை நடத்தியவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முறையாகப் படித்துவிட்டு வந்து தனி ஆளாகத் தொழில் செய்த பெண்மணி. நான் அவரை அக்கா என்று அழைப்பேன். உதவிக்கு இருந்த பெண் திருமணமாகி வேளச்சேரிக்குப் போய்விட்டதால், என் அம்மாவிடம் வந்து, உங்கள் பெண்ணின் கையெழுத்து அழகாயிற்றே, கல்லூரி விட்டு வந்தபின் இரண்டு மணி நேரம் அனுப்பிவையுங்கள் என்று கேட்டார்.

கையெழுத்துக்காகத்தான் போனேன். மாடல் என்று அவர்கள் சொல்லும் அந்தத் தாடை வார்ப்பு ஒவ்வொன்றின் அடியிலும் அதன் எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும். மை பிளாஸ்டரில் ஊறிவிடும், பென்சில் நிற்கும். நான் அதிகம் பேசாதவள். வகுப்பில்கூடப் பதில் தெரிந்தும் எழுந்து சொல்ல மாட்டேன். மரப்பலகை அடுக்குகளில் வரிசை வரிசையாக வாய் திறந்து உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைத் தாடைகள் எதுவும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை என்பதாலேயே எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

ஒரு மாதத்துக்குள் படியெடுக்கும் வேலையையும் அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். செட் செய்து முடிப்பதற்குள் ஒரு மாடலை அறுக்க வேண்டும், சூடாக்க வேண்டும், கடைசியில் உடைத்தே எடுக்க வேண்டும். அதனால் மருத்துவர் அனுப்பிய மூலத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, அதன் படியில்தான் வேலை நடக்கும். படியெடுப்பதற்குத் தேவையானது, நாம் சைனா கிராஸ் என்று வாங்கி இனிப்புச் செய்கிறோமே, அதே கடற்பாசிக் கூழின் இன்னொரு வகை. அதை அடுப்பில் இளக்கி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டால் பொறுக்கும் அளவுக்கு ஆறவிட வேண்டும். மூல மாடலைப் பிளாஸ்டர் கரைந்த நீரில் ஊறவைத்து, ஒரு கிண்ணத்துக்குள் நிறுத்தி, அதன் மேல் அந்தக் கூழை ஒரே ஓரமாக மெல்ல ஊற்ற வேண்டும். கூழ் இறுகியபின் மாடலை உருவினால் உள்ளே ஒரு வெற்று வாய் இருக்கும். அதில் மஞ்சள் நிறத்தில் இன்னும் கெட்டியான பிளாஸ்டரை ஊற்றினால், முக்கால் மணியில் அதே தாடை மஞ்சளாக எழுந்து வரும். முதன்முறை அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. பல் ஈறுகளின் சின்னஞ்சிறு வரிகூடத் தப்பியிருக்கவில்லை.

ஒரு விதி மட்டும் இருந்தது. மூலத்தில் காற்றுக்குமிழியால் ஏற்பட்ட சிறு குழிகள் இருக்கும். கூழ் அவற்றுக்குள் புகுந்து கிழியாமல் இருக்க, ஊறவைக்கும் முன்பே அவற்றை இளஞ்சிவப்பு மெழுகால் அடைத்துவிட வேண்டும். ஈறுப் பகுதியில் இருப்பதை நானே அடைக்கலாம். பல்லில் எது இருந்தாலும் அக்காவைக் கேட்க வேண்டும்.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள், மயிலாப்பூர் மருத்துவர் ஒருவரிடமிருந்து ஒரு மேல்தாடை மாடல் வந்தது. முன்பற்கள் நான்கும் ஆடிப்போனதால் எடுக்கப்போகிறார்கள். இப்போது இருக்கும் பற்களைப் போலவே புதியவையும் அமைய வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. நடுவில் இருந்த இரண்டு பற்களின் விளிம்பில் ஒரு பள்ளம். ஒரு பல்லில் தொடங்கி அடுத்த பல்லில் முடியும் பிறை வடிவப் பள்ளம். அளவெடுத்த அச்சில் குமிழி விழுந்திருக்கும், அல்லது வழியில் இடிபட்டிருக்கும் என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று அதற்குள் மூன்று முறை சந்தேகம் கேட்டுவிட்டிருந்தேன். மூன்றாவது முறை அக்கா, செட்டைத் தேய்க்கும் மோட்டாரை நிறுத்தாமலே, “ஒவ்வொன்னுக்கும் கேட்டா நான் எப்ப வேலை பாக்கறது?” என்றார். கோபத்தில் சொல்லவில்லை, வேலை மிகுதியில் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான்காவது முறை வாய் திறக்கவில்லை.

பள்ளத்தை மெழுகால் அடைத்தேன். அடைத்ததோடு நிற்காமல், பக்கத்துப் பற்களோடு விளிம்பு நேராக இருக்கும்படி கத்தியால் சீராக மழித்தேன். அதன்பின் எடுத்த படி மிக அழகாக வந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “உன் கைக்கு வந்தா எல்லாம் சுத்தமா வருதுடி” என்றார். அந்தப் பாராட்டை அன்று வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனேன். எந்தப் பிழையைப் பாராட்டுகிறார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதில் நான் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. அதே வாரம் கல்லூரியில் சுவடிகளைப் பற்றிய தாள் ஒன்றில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியிருந்தேன். படியெடுப்பவர், தனக்குப் பொருள் விளங்காத இடத்தைத் தன் விருப்பப்படி திருத்தக் கூடாது. உள்ளது உள்ளபடியே எழுத வேண்டும். இதை இரண்டு பக்கம் விரித்து எழுதியிருந்தேன். பனையோலைக்கும் பல்லுக்கும் ஒரே நியாயம்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் வழக்கம்போல் அக்கா வீட்டு கேட்டுக்கு நேரே பெரிய குழி விழுந்து, தண்ணீர் கட்டி நின்றது. லேப்காரர்கள் வீட்டில் அதற்கு ஒரு வழி உண்டு. வேலை முடிந்து, மருத்துவர்கள் திருப்பிக் கேட்காத பழைய மாடல்களை ஒரு கோணியில் சேர்த்துவைத்து, மழைக்காலத்தில் அந்தக் குழியில் கொட்டுவார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் கொஞ்ச நாளைக்குப் பல்லின் மேல் கால் வைத்துப் போவார்கள். நானும் அப்படிப் போனவள்தான்.

மார்கழி பாதியில் ஒரு பிற்பகல். மயிலாப்பூர்ப் பக்கமெல்லாம் கச்சேரிக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக இருந்த நாட்கள். ஐம்பதை நெருங்கும் ஒருவர், கையில் நீளமான ஒரு கறுப்புப் பெட்டியோடு லேப் வாசலில் வந்து நின்றார். மெலிந்த உடம்பு. இஸ்திரி போட்ட சட்டை. சிரித்தார். முன்பற்கள் நான்கும் வரிசையாக, குறையொன்றும் இல்லாமல் மின்னின. அவை எங்கள் லேபில் செய்தவை என்று அக்காவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர் அவர். கல்யாண ஊர்வலங்களில் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் போவார்களே, அவர்களில் முதல் ஆள். பேண்டுக்காரர்கள் உடம்புக்கு என்ன வைத்தியம் செய்துகொள்வதானாலும் கல்யாணம் இல்லாத மார்கழியைப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வார்களாம். அதற்காகவே கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தை ஆடுகிற பல்லோடு வாசித்து முடித்துவிட்டு, மறுநாளே போய்ப் பல்லை எடுத்து, இந்தச் செட்டைப் போட்டுக்கொண்டார். புண் ஆறிவிட்டது, வலி இல்லை, சாப்பிட முடிகிறது. வாசிக்க மட்டும் முடியவில்லை.

மருத்துவரிடம் இரண்டு முறை போயிருக்கிறார். அவரும் அங்கே இங்கே தேய்த்துப் பார்த்துவிட்டு, செட் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, போகப்போகப் பழகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்த கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிய விலாசத்தோடு இங்கே வந்திருந்தார். சண்டை போட வந்தவராகத் தெரியவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“பல்லு ஷோக்கா கீதுமா. எங்கூட்ல பொஞ்சாதி கண்ணாடிய என் மூஞ்சிக்கி நேரா புடிச்சிக்கினு ரசிக்குது. ஆனா வாயில வச்சா வழுக்கிக்கினு போவுது. காத்து வருது, சத்தம் வரல. இன்னான்னு சொல்றது, வாயி வேற ஒருத்தனோடதா கீது.”

தை பிறந்து முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பேண்டு மாஸ்டர் நல்லவர்தானாம். ஆனாலும் ராயபுரத்தில் இருந்து ஒரு வாலிபனைக் கூட்டிவந்து ஒத்திகையில் உட்கார வைத்துவிட்டாராம். இவரால் ஊத முடியாவிட்டால் கிலுகிலுப்பையைக் குலுக்கிக்கொண்டு பின்வரிசையில் வரலாம் என்று சொல்லியிருக்கிறார். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லும்போது பெட்டியின் கைப்பிடியை மட்டும் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அக்கா செட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பொருத்தம் சரி. ஏற்ற இறக்கம் இல்லை. மாடலில் இருந்ததைத்தான் செய்திருக்கிறேன், என் வேலையில் தவறு இல்லை, பழைய பல்லில் ஏதாவது வேறுபாடு இருந்ததா என்று அவரிடமே கேட்டார். அவர் யோசித்தார். நாற்பது ஆண்டுகள் அந்தப் பல்லை வைத்திருந்தும் அதை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை என்றார். காலையில் பல் தேய்க்கும்போது யார் பார்க்கிறார்கள் என்றார். மருத்துவருக்கும் நினைவில்லையாம். நாற்பது ஐம்பது வாய்களைப் பார்த்தபின் எப்படி நினைவிருக்கும்?

நான் மூலையில் எண் எழுதிக்கொண்டிருந்தேன். பென்சில் நின்றுவிட்டது. உலகத்திலேயே அந்தப் பள்ளத்தை நின்று பார்த்தது நான் ஒருத்திதான் என்பது அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிற்று. சொல்லக்கூடிய எல்லாச் சொற்களையும் மனத்துக்குள் கோத்துப் பார்த்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. அக்கா என்ன சொல்வார், அம்மாவுக்குத் தெரிந்தால் என்னவாகும், அதெல்லாம்கூடப் பிறகுதான். எனக்குக் குரல் எழும்பவில்லை, அவ்வளவுதான். அதற்குள் அவர், சரிம்மா, உங்கள் மேல் குற்றமில்லை, வயசாயிற்று, மூச்சுதான் போய்விட்டது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

தன் மூச்சின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு அவர் வாசலைத் தாண்டினார். கேட்டுக்கு வெளியே குழி. அவர் சற்று நின்று, செருப்பு நனையாமல் இருக்க, அந்த வெள்ளைக் குவியலின் மேல் கவனமாக ஒரு கால் வைத்தார். கோணியை இரண்டு வாரத்துக்கு முன் கொட்டும்போது நானும் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். அதில் அவருடைய மாடலும் இருந்தது.

“ஒரு நிமிஷம் இருங்க” என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

அவர் திரும்பினார். அக்கா மோட்டாரை நிறுத்தினார். அந்த ஒலி அடங்கிய இடைவெளியில் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளம் இருந்தது, குமிழி என்று நினைத்தேன், கேட்காமல் மெழுகு வைத்தேன், நேராக மழித்தேன். சொல்லி முடிக்கும்வரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, “அந்த மாடல் எங்கடி?” என்று மட்டும் கேட்டார். நான் கேட்டைக் காட்டினேன்.

அதன்பின் நடந்ததைத் தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. மூன்று பேரும் அந்தக் குழியைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேற்றில் கைவிட்டுத் தாடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிப் பார்த்தோம். மேலே கிடந்தவை ஆட்டோ ஏறி நொறுங்கியிருந்தன. உள்ளே இருந்தவை மழையில் ஊறி, நனைந்த சர்க்கரைக் கட்டி போலக் கூர் மழுங்கிப் போயிருந்தன. எண் இருந்த அடிப்பாகங்கள் பல தேய்ந்துவிட்டன. எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. கிடைத்தாலும் அந்தப் பள்ளம் மட்டும் கரையாமல் இருக்குமா?

அவர்தான் வாயை மூடாமல் பேசிக்கொண்டே தேடினார். ஒரு பெரிய தாடையை எடுத்து, இது நிச்சயமாக யாரோ கவுன்சிலருடையது, தின்று தின்றே அகலமாகியிருக்கிறது என்றார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அதை அவர் கவனித்திருக்க வேண்டும். “இன்னா கண்ணு, தப்பு பண்ணது நீயி, தண்ணில கெடக்கறது நானு. நான் சிரிக்கிறேன், நீ அழுவறியே” என்றார்.

பிறகு இன்னொன்றை எடுத்துச் சட்டை முனையில் துடைத்துவிட்டு நீட்டினார்.

“இங்க பாரு, இது யாரோ பீடா போடற ஆளு. முன்பல்லுல செவப்பு ஒட்டிக்கினு கீது.”

அது பீடா அல்ல. இளஞ்சிவப்பு மெழுகு. தன் பல்லையே தனக்குத் தெரியாமல் அவர் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாடல் முழுவதும் மழை அரித்திருந்தது. கடைவாய்ப் பற்கள் உருண்டுவிட்டன, ஈறுகளின் வரிகள் அழிந்துவிட்டன. ஆனால் மெழுகு அப்படியே இருந்தது. அதை விரலால் நெம்பப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். ஈரப் பிளாஸ்டரில் நெம்பினால் விளிம்பு உதிர்ந்துவிடும் என்று சொல்லி, வீட்டுக்குள் எடுத்துப் போய் ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தார். தோசை மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் மேலே அந்தத் தாடை கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணியில் அக்கா எல்லாருக்கும் காப்பி போட்டார். கிளாரினெட்காரர் பல் செட்டைக் கழற்றிக் காகிதத்தில் வைத்துவிட்டு, பொக்கை வாயோடு ஊதி ஊதிக் குடித்தார். அவரை எப்படி அழைப்பது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. சார் என்றால் பொருந்தவில்லை, அண்ணா என்றால் உரிமை எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. வெறுமனே, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கையை அசைத்து, “தாவல வுடு, குடி” என்றார்.

குளிரில் மெழுகு இறுகிச் சுருங்கியிருந்தது. அக்கா கத்தி முனையால் ஓர் ஓரத்தில் தொட்டதும், வெட்டிய நகத் துணுக்கு போல ஒரு பிறை கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதன் அடியில் பள்ளம் இருந்தது. சுற்றியுள்ள பற்களெல்லாம் கரைந்து மழுங்கியிருக்க, அந்த ஓர் இடம் மட்டும் அன்று வார்த்ததுபோல் கூராக, வழவழப்பாக இருந்தது. எதை இல்லாமல் ஆக்க மெழுகு வைத்தேனோ, அதை அந்த மெழுகே மழையிலிருந்து மூடிக் காப்பாற்றி வைத்திருந்தது.

கிளாரினெட்காரர் மாடலை வாங்கிப் பார்த்தார். மெல்லப் பெட்டியைத் திறந்து, கிளாரினெட்டின் வாயில் வைக்கும் கறுப்பு முனையை மட்டும் கழற்றி எடுத்தார். அதைப் பிளாஸ்டர்ப் பற்களுக்குக் கீழே கொண்டுபோய்ப் பள்ளத்தில் வைத்தார். அது இடம் தெரிந்ததுபோல் போய் உட்கார்ந்தது. கையை ஆட்டினார், நழுவவில்லை.

“முப்பது வருசமா இங்கதான் குந்திக்கினு இருந்திருக்கு” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “எனக்குத் தெரியாமப் போச்சே.”

அவர் பதினெட்டு வயதில் ஊதத் தொடங்கியவராம். எத்தனையோ கல்யாணங்கள், எத்தனையோ தெருக்கள். அந்த முனையின் மேல் பல் படிந்து, பல்லில் முனை படிந்து, ஒவ்வோர் இரவாகத் தேய்ந்து உண்டான பள்ளம் அது. அதைத்தான் நான் ஐந்து நிமிடத்தில் அடைத்திருந்தேன்.

அக்கா மோட்டாரைப் போட்டார். செயற்கைப் பல்லின் விளிம்பைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் அந்த மெழுகுப் பிறையை வைத்து அளவு பார்த்தார். அது இடைவெளி இல்லாமல் பொருந்தும் வரைக்கும் தேய்த்தார். அந்த வேலைக்கு அதைவிடச் சரியான அளவுகோல் கிடைத்திருக்காது. இடையில், என்னைப் பார்க்காமலே, “நானும் அந்த மாடலை ஒரு தடவை எடுத்துப் பாத்திருக்கணும்டி. உன் டூப்ளிகேட் சுத்தமா இருந்துச்சு, பாக்கல” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குத்தான் எனக்குக் கண் நிறைந்தது.

செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு, கிளாரினெட்டைப் பூட்டி, அவர் வாயில் வைத்தார். முதலில் வெறும் காற்று. அடுத்தது ஒரு கீச்சொலி. அவர் நெற்றியைச் சுருக்கி, முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். மூன்றாவது முறை ஒரு சுரம் வந்தது. ஒரே சுரம். நீண்டு, நடுங்காமல், ஷெட்டின் தகரக் கூரையில் பட்டு, அடுக்கிலிருந்த தாடைகளையெல்லாம் கிடுகிடுக்க வைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சுப் போய்விட்டது என்று சற்றுமுன் சொன்ன மனிதரின் மூச்சு அது. முடியும் என்று தோன்றிய இடத்தையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

அதன்பின் நிறுத்தவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் வாசிக்கும் மெட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டார். எதிர்வீட்டு மாமி மொட்டைமாடியில் இருந்து எட்டிப் பார்த்து, “மார்கழியில யாராத்துல கல்யாணம்?” என்று கேட்டார். அக்கா வெளியே வந்து, எங்கள் ஆத்தில்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து சிரித்தார். இந்தமுறை நானும் சிரித்தேன்.

புறப்படும்போது அவர் ஒன்று கேட்டார். அந்த மாடலைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று. அக்கா, இனி மூலம் லேபை விட்டு எங்கும் போகாது, வேண்டுமானால் இவள் ஒரு படி எடுத்துத் தருவாள் என்றார். மறுநாள் எடுத்தேன். ஊறவைத்து, கூழை ஊற்றி, மஞ்சள் பிளாஸ்டரை வார்த்தேன். மழை அரித்த குழிகள், சிதைந்த ஈறு, உருண்டுபோன கடைவாய், நடுவில் அந்தப் பிறைப் பள்ளம், எதையும் தொடவில்லை. ஓரிடத்திலும் மெழுகு வைக்கவில்லை. அதனால் கூழ் இரண்டு இடங்களில் கிழிந்தது. அந்தக் கிழிசலும் படியில் விழுந்தது. நான் எடுத்த படிகளில் பார்வைக்கு மிக மோசமானது அதுதான். அவர் வந்து வாங்கிக் கிளாரினெட் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்துக்கொண்டார். வீட்டில் மட்டும் வருத்தமாம். பத்துப் பதினைந்து நாள் மாப்பிள்ளை மாதிரி இருந்தீர்கள், மறுபடியும் பழைய ஆளாகிவிட்டீர்களே என்று சொல்லியிருக்கிறார் அவர் மனைவி.

தை மாதத்தில் ஒரு மாலை, லஸ் பக்கம் பேருந்துக்கு நின்றிருந்தேன். ஓர் ஊர்வலம் வந்தது. தலையில் விளக்கு சுமந்த வரிசைக்கு நடுவே சிவப்புக் கோட்டுகள். முன்வரிசையில் இடப்பக்கம் அவர். கன்னம் புடைத்து, கண் பாதி மூடியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்துக் கூப்பிடாமல் நின்றேன். என் பேருந்து வந்து போயிற்று. ஊர்வலம் திரும்பி மறையும்வரை அந்தக் கிளாரினெட்டை மட்டும் மற்ற வாத்தியங்களிலிருந்து பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆய்வுக்காகப் பழைய ஏடுகளைப் படியெடுக்கிறேன். ஓரிடத்தில் ஓர் எழுத்து விடுபட்டதுபோல், ஒரு சொல் தேய்ந்ததுபோல் தோன்றும். சரிசெய்துவிடலாம் என்று கை முந்தும். அப்போதெல்லாம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் பிழையாகத் தெரியும் இந்தப் பள்ளத்தில் யார் எத்தனை காலமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறாரோ என்று ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கிறேன்.